இரவல் கட்சி

மூங்கில்பாறைத் தோட்டம்,
தானா ராத்தா வழி,
28-3-1943

அன்புள்ள அக்காவுக்கு வேலாயி எழுதிக்கொண்டது.

மாரியாத்தா புண்ணியத்தில் நான் நலம். இருமல் மட்டும் விடவில்லை. இந்தக் குளிரில் அது எங்கே போகும்? நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி குறைந்ததா?

தேயிலை சுற்றுகிற தாளில் எழுதுகிறேன், வேறு தாள் இல்லை. தபாலில் போட்டால் ஜப்பான்காரன் ஆபீசில் பிரித்துப் படிக்கிறார்களாம். அதனால் கடைக்கார ஹாஜா மைதீன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் காய்கறி ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்கு லாரியில் இறங்குகிறார். அவரும் படிப்பாரோ என்று ஒரு சந்தேகம் வந்து கேட்டே விட்டேன். "ஒங்க கடுதாசியப் படிக்க எனக்குக் கண்ணாடி வேணும் தங்கச்சி. கண்ணாடிக்குக் கையில டுவிட்டுக் காசு வேணும். ரெண்டும் இல்ல லா" என்று சிரித்தார்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரரை ஊர் சுற்றிப் பார்க்கக் கூட்டிப்போகிறார்கள். ஜப்பான்காரன் செலவில், லாரியில். இந்த மலைத் தோட்டங்களில் மொத்தம் எட்டுப் பேரைப் பொறுக்கியிருக்கிறார்கள். கோலா தெர்லா, லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டம் எல்லாம் காட்டிவிட்டு, கீழே இறக்கி, வடக்கே நெல்வயல் பக்கம்வரை கூட்டிப்போவார்களாம். புதுச் சட்டை, சிகரெட், மூன்று வேளைச் சோறு.

ஓடிப்போன துரையின் பங்களாவில் ஒரு படம் மாட்டியிருந்ததே, சொல்லியிருக்கிறேன் அல்லவா? இத்தாலி தேசத்தின் தெற்குச் சீமையில், தொப்பியும் கைத்தடியுமாக எட்டுப்பத்துத் துரைமார் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே நிற்கிற படம். ஊர் சுற்றிப் பார்ப்பது அவர்கள் செய்கிற காரியம். கொழுந்து பறிக்கிறவனுக்கும் தேயிலை வறுக்கிறவனுக்கும் எவனாவது சும்மா ஊர் சுற்றிக் காட்டுவானா? கேட்டால் இவர், "நானும் ஒரு நாளைக்குத் துரையா இருந்துட்டுப் போறேன், ஒனக்கென்ன?" என்கிறார்.

எனக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. தோட்டத்தில் நன்றாக வேலை செய்கிறவர்களை விட்டுவிட்டு, வாய்க்காரர்களாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். போன வாரம் காமன் பண்டிகையில் இவர் லாவணி பாடியபோது ஜப்பான்காரனின் துபாஷி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டான். மன்மதன் எரிந்தான் என்று பாடுவதுதான் எப்போதும் இவர் கட்சி. எரியவில்லை என்று எதிர்த்துப் பாடுகிற எரியாத கட்சிக்கு இந்த வருஷமும் ஆள் இல்லாமல் இவரை இரவல் வாங்கினார்கள். போய்த் தன் கட்சியையே பாடித் தோற்கடித்துவிட்டு வந்தார். மறுநாளே துபாஷி இவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான். நீயே சொல், இதில் என்ன இருக்கிறது?

மாமாவுக்கு என் நமஸ்காரம்.

உன் தங்கை,
வேலாயி


வெள்ளாற்றுத் தோட்டம்,
தாப்பா,
11-4-1943

அன்புத் தங்கை வேலாயிக்கு அக்கா மாரியம்மா ஆசீர்வாதம்.

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். இந்தக் காலத்தில் அதற்குப் பெயர்தான் நலம். உன் இருமலுக்கு மிளகு தட்டிப் போட்டுக் குடி.

உன் கடுதாசியைப் படித்துச் சிரித்தோம். கல்யாணத்தன்று உன் மாமியார் கொடுத்த பாலையே முகர்ந்து பார்த்தவள் ஆயிற்றே நீ! புருஷனுக்குச் சோறும் சட்டையும் கிடைத்தால் சந்தோஷப்படு. இங்கே பால்வெட்டு நின்று போயிற்று. ரப்பரை வாங்க ஆளில்லை. காலையில் மரவள்ளி, பகலில் மரவள்ளி. உன் மாமா சட்டைக்குப் பதில் சாக்கில் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு திரிகிறார்.

சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். கங்காணி வீடு வீடாக வந்து ஆள் கேட்கிறார். மூன்று மாதம்தான், அரிசி உண்டு, டாக்டர் உண்டு என்கிறார். உன் மாமா அசைந்து கொடுக்கவில்லை. "கங்காணி வாயி கூலிக்குப் பேசுற வாயி. நமக்குத் தெரிஞ்சவன் யாராச்சும் பாத்துட்டு வந்து சொல்லட்டும், அப்பப் போறேன்" என்கிறார். அதுவரைக்கும் எனக்கு நிம்மதி.

இப்படிக்கு,
மாரியம்மா

வேலாயி, சகலையிடம் சொல்: சிகரெட் மிச்சம் இருந்தால் எனக்கு இரண்டு. மிச்சம் இல்லாவிட்டால் நான்கு. – செல்லையா


மூங்கில்பாறைத் தோட்டம்,
2-5-1943

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ சொன்ன மிளகு கேட்டது. வழக்கம்போல மாமாவின் கடைசி வரியைத்தான் முதலில் படித்தேன் என்று அவரிடம் சொல்.

இவர் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. இரண்டு வாரத்தில் வந்துவிடுவார் என்றுதான் சொன்னார்கள். ஆபீஸ் முத்திரையோடு இரண்டு கடுதாசி வந்தன. எழுத்து இவருடையதுதான். பேச்சு இவருடையது இல்லை. "சாப்பாடு சுகம், படுக்கை சுகம், பார்த்த இடமெல்லாம் பச்சைப் பசேல் என்று கண்ணுக்குக் குளிர்ச்சி, சயாம் வேலைக்கு எல்லோரும் தைரியமாக வரலாம்." இரண்டிலும் இதே வரிகள். கண்ணுக்குக் குளிர்ச்சியாம்! விடிந்தால் தேயிலைப் பச்சையில் கண் விழிக்கிறவருக்கு இனி எந்தப் பச்சையைப் பார்த்துக் குளிர வேண்டும்?

உப்புக் கரிக்கிறது என்று நான் வைத்த பொங்கல் சோற்றையே தள்ளிவைத்த மனுஷன். ஒரு மாதமாக ஊரான் சமையலைச் சாப்பிட்டுவிட்டு ஒரு குறைகூடச் சொல்லவில்லை. வெள்ளாடு குட்டி போட்டதா என்று கேட்கவில்லை. முதலில் அங்கே எவளையாவது பார்த்துவிட்டாரோ என்றுதான் நினைத்தேன். அப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது. பக்கத்தில் யாரோ நின்று சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார், அக்கா.

நான் சொல்லும்வரை மாமாவை எங்கும் போகவிடாதே.

வேலாயி


வெள்ளாற்றுத் தோட்டம்,
16-5-1943

அன்புத் தங்கை வேலாயிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இனி நீ புருஷனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நான் கண்ணால் பார்த்துவிட்டேன்!

நேற்று காலை பெரட்டுக்கு வரிசையில் வந்து நிற்க எல்லோரையும் கூப்பிட்டார்கள். லாரியில் எட்டுப் பேர், எல்லோருக்கும் ஒரே நிறத்தில் புதுச் சட்டை. ஊர் சுற்றிப் பார்த்து முடித்தவர்கள், பார்த்ததைத் தோட்டம் தோட்டமாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்களாம். உன் வீட்டுக்காரர்தான் முன்னால் நின்றார். லாவணி மெட்டிலேயே சயாமைப் பாடினார் பார், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வரிசையாகக் கொட்டகை, வெள்ளைச் சோறு, வெள்ளிக்கிழமை தவறாமல் பூசை என்று அடுக்கினார். எத்தனையோ மாதம் கழித்து ஜனங்கள் சிரித்தார்கள்.

ஆள் கொஞ்சம் இளைத்திருக்கிறார். இடது கையில் அடி போல; மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். ஆனாலும் அந்தக் கையைத்தான் ஆட்டி ஆட்டிப் பேசினார். உன் மாமா கூட்டத்திலிருந்து "சகலை!" என்று கத்தினார். உன் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து அதே கையைத் தூக்கிக் காட்டினார்.

முடிந்ததும் நான் தண்ணீர் கொண்டு போனேன். துபாஷி பக்கத்தை விட்டு நகரவில்லை. உன் வீட்டுக்காரர் குடித்துவிட்டு மாமாவைப் பார்த்து, "எங்க தோட்டத்துக் காமனுக்கு வந்தீங்களே சகலை, ஞாபகமிருக்கா?" என்று கேட்டார். மாமா, "அத மறக்க முடியுமா?" என்று சிரித்தார். அதைக் கேட்டதும்தான் உன் வீட்டுக்காரர் முகத்தில் உயிர் வந்தது. வீட்டுக்கு வந்து போகச் சொன்னேன், துபாஷி விடவில்லை.

ஹாஜா மைதீனிடம் கொஞ்சம் வெள்ளை அரிசி கொடுத்தனுப்புகிறேன். கஞ்சி வைத்துக் குடி. மற்றவை பிறகு.

மாரியம்மா

சகலை வாயால் கேட்டதில் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அடுத்த கடுதாசி கொஞ்சம் தூரத்திலிருந்து வரும். பயப்படாதே, சிகரெட் கேட்க மாட்டேன். – செல்லையா


மூங்கில்பாறைத் தோட்டம்,
18-5-1943

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. ஹாஜா மைதீன் லாரி கிளம்பப் போகிறது.

அவர் கையில் அடியும் இல்லை, காயமும் இல்லை. எங்கள் தோட்டத்து லாவணியில் ஒரு வழக்கம் உண்டு. எதிர்க்கட்சிக்கு இரவல் போய்ப் பாடுகிறவன் இடது மணிக்கட்டில் துண்டைக் கட்டிக்கொள்ள வேண்டும். "இது என் கட்சி இல்லை, பாடச் சொன்னார்கள், பாடுகிறேன்" என்று சபைக்குச் சொல்கிற அடையாளம் அது. கட்டாமல் பாடினால் அவன் கட்சி மாறிவிட்டான் என்று அர்த்தம். இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இவர் சொன்னது ஒன்றும் உண்மை இல்லை, அக்கா. அதைச் சொல்லத்தான் துண்டைக் கட்டியிருக்கிறார். காமனுக்கு வந்தது ஞாபகமிருக்கிறதா என்று அதனால்தான் மாமாவைக் கேட்டிருக்கிறார். மாமாவுக்கு எங்கே தெரியும்? வந்த வருஷம் சம்சுச் சாராயப் புட்டியோடு உட்கார்ந்து தூங்கிப்போனவர், காமனை எரித்துச் சாம்பல் அள்ளும்போதுதான் எழுந்தார்! அது இவருக்குத் தெரியாது. பாடிக்கொண்டிருந்தவர் பார்த்திருக்க மாட்டார்.

அந்த அரிசி ஏது? மரவள்ளி தின்கிற வீட்டுக்கு வெள்ளை அரிசி எங்கிருந்து வந்தது? தூரத்திலிருந்து கடுதாசி வரும் என்றால் என்ன அர்த்தம்? அரிசியைத் தொடாமல் வைத்திருக்கிறேன். பெயர் கொடுத்திருந்தால் மாமாவைக் காட்டுக்குள் எங்கேயாவது போய் இருக்கச் சொல். ஆள் இல்லை என்றால் விட்டுவிடுவார்கள்.

வேலாயி


வெள்ளாற்றுத் தோட்டம்,
27-6-1943

தங்கை வேலாயிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உன் கடுதாசி கிடைத்தது. ஹாஜா மைதீனின் லாரியை வழியில் மூங்கில் ஏற்றப் பிடித்துக்கொண்டார்களாம், அதனால் தாமதமாகத்தான் வந்தது. அவரைக் குறை சொல்லாதே. லாரியை விட்டுவிட்டுத் தாப்பாவிலிருந்து நடந்தே வந்து கொடுத்தார்.

துண்டு விவரம் தெரிந்துகொண்டேன்.

இங்கே மழை நன்றாகப் பெய்கிறது. வீட்டுக்குப் பின்னால் சர்க்கரைவள்ளி போட்டிருக்கிறேன். முழங்கால் வலி பரவாயில்லை. மாமாவும் நலம். அரிசியை வைத்துப் புழுக்க விடாதே, சமைத்துச் சாப்பிடு.

மாரியம்மா


மூங்கில்பாறைத் தோட்டம்,
11-7-1943

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இவரும் நலம். ஆம், வந்துவிட்டார்!

ஊர்வலத்தின் கடைசித் தோட்டம் எங்கள் தோட்டம்தான். லாரியில் நின்று அதே பாட்டைப் பாடினார், மணிக்கட்டில் துண்டோடு. இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் அத்தனை பேரும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். துபாஷி மூன்று தடவை கூப்பிட்டான், ஒரு ஆளும் பெயர் கொடுக்கவில்லை. அவனுக்குக் காரணம் புரியவில்லை. ஏதோ நடந்திருக்கிறது என்று மட்டும் புரிந்தது. இவரை ஜனங்களுக்கு முன்னாலேயே கன்னத்தில் அறைந்து, புதுச் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, லாரியிலிருந்து இறக்கிவிட்டுப் போனான். துண்டைப் பற்றி முன்பே கேட்டானாம். வேர்வை துடைக்க என்று சொல்லியிருக்கிறார்.

இவர் சயாமையே பார்க்கவில்லை, அக்கா. வடக்கே ஒரு இடத்தில் புதுக் கொட்டகையும் நாலு மூட்டை அரிசியும் காட்டி, சயாம் இப்படித்தான் இருக்கும் என்றார்களாம். திரும்பும்போது ஒரு ஸ்டேஷனில் சாமான் ஏற்றுகிற ரயில் பெட்டிகளை வெளிப்பக்கம் பூட்டி வைத்திருந்தார்களாம். உள்ளேயிருந்து தமிழில் தண்ணீர் கேட்டார்களாம். மறுநாள் முதல் துண்டைக் கட்டிக்கொண்டிருக்கிறார். கீழே எந்தத் தோட்டத்திலும் ஒருவருக்கும் அது புரியவில்லை என்று தலையில் அடித்துக்கொள்கிறார். ஒரே ஒரு ஆறுதல்தான் அவருக்கு. "சகலைக்கு மட்டும் புரிஞ்சிருச்சு லா. சிரிச்சாரு பாரு, அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு" என்கிறார். தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறார்.

அக்கா, உன் போன கடுதாசியின் அடியில் மாமாவின் வரி இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். காய்ச்சலில் கிடந்தபோதுகூட ஒரு வரி கிறுக்குகிறவர் அவர். மாமா நலம் என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை. இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. மாமா வீட்டில் இருக்கிறாரா, இல்லையா?

வேலாயி


வெள்ளாற்றுத் தோட்டம்,
5-10-1943

வேலாயிக்கு,

உன் கடுதாசிக்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை. எழுத உட்காருவேன், நலம் என்று போடுவேன், அதற்கு மேல் கை ஓடாது.

மாமா இல்லை. உன் வீட்டுக்காரர் பேசிய அன்று மத்தியானமே மாமா பெயர் கொடுத்துவிட்டார். கங்காணி கையோடு அரிசி அளந்தார். உனக்கு அனுப்பியது அதில்தான். உன்னிடம் சொன்னால் நீ ஏதாவது சந்தேகம் கிளப்புவாய், கிளம்புகிற நேரத்தில் எதற்கு என்றுதான் எழுதாமல் விட்டேன். உன் கடுதாசியைப் படித்துச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பு இப்போது என்னைத் தின்கிறது. தாப்பா ரோடு ஸ்டேஷனுக்கு நானும் போய் அனுப்பினேன். ஹாஜா மைதீன் உன் கடுதாசியோடு வந்தபோது ரயில் போய்விட்டிருந்தது. நான் வாசலிலேயே நின்று படித்தேன். படித்து முடிக்கும்வரை அவர் போகாமல் நின்றார்.

போன மாதம் ஒருவன் தப்பித்து வந்தான். கொட்டகையில் வாந்திபேதி பரவியதாம். மாமாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தவர்களில் அவனும் ஒருவன். கடைசிவரை "எஞ் சகலை பொய் சொல்ல மாட்டான், அவன் சொன்ன நல்ல எடத்த விட்டுட்டு நாமதான் தப்பான எடத்துக்கு வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

உன் வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். இருக்கிறது. சில நாள் நிறைய இருக்கிறது. அவர் தன்னால் ஆனதைச் செய்தார் என்று எனக்குத் தெரிகிறது, தெரிந்து என்ன? இருந்தாலும் அவரிடம் சொல்லாதே. ஒரு வீடு அழிந்தது போதும்.

மாரியம்மா


மூங்கில்பாறைத் தோட்டம்,
12-12-1943

அக்கா,

நலமா என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை. உன் கடுதாசியைத் தேயிலை வறுக்கிற அடுப்பில் போட்டேன். யாருக்கும் தெரியாமல் கொழுந்துக் காட்டில் உட்கார்ந்து அழுதேன். உடனே புறப்பட்டு வர நினைத்தேன். இறக்கத்தில் காவல்காரர்கள் பெண்களை மறிக்கிறார்கள் என்று ஹாஜா மைதீன் தடுத்துவிட்டார்.

இவரிடம் சொல்லவில்லை. ஆனால் லாரி வரும்போதெல்லாம், "சகலை ஒரு வரியும் எழுதலையா?" என்று கேட்கிறார். இப்போது என் முகத்தைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கிறது. என் சந்தேகம் இவருக்கும் தொற்றிக்கொண்டது போல.

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். ஒரே ஒரு தடவை, மாமா எழுதுகிற மாதிரி ஒரு வரி எழுதி அனுப்பு. முடியாவிட்டால் விட்டுவிடு.

வேலாயி


வெள்ளாற்றுத் தோட்டம்,
6-2-1944

தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல். சர்க்கரைவள்ளி தோண்டியாயிற்று. கொஞ்சம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

மாரியம்மா

சகலை, காமனுக்கு வருகிறேன். இந்தத் தடவை தூங்க மாட்டேன். – செல்லையா


மூங்கில்பாறைத் தோட்டம்,
27-2-1944

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நான் கொழுந்துக் காட்டில் இருந்தபோது லாரி வந்துவிட்டது. உன் கடுதாசியை ஹாஜா மைதீன் இவர் கையிலேயே கொடுத்துவிட்டார். நீ அதைச் சுருட்டி, பழைய துண்டில் கிழித்த ஒரு கீற்றால் கட்டியிருந்தாய். நான் வரும்போது கடுதாசி பிரித்துக் கிடந்தது. இவர் கீற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமாவின் வரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இது யாரு கட்சி?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

அக்கா, அந்தக் கீற்றை எனக்குத் தெரியட்டும் என்று கட்டினாயா, இவருக்குத் தெரியட்டும் என்று கட்டினாயா? நாளெல்லாம் யோசித்தேன். நீ சொல்ல வேண்டாம். எதுவாக இருந்தாலும் அது நியாயம்தான்.

இவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. காமனுக்குக் கம்பம் நட்டாயிற்று. எரியாத கட்சிக்காரர்கள் வந்து இரவல் கேட்டார்கள். "இனி யாருக்கும் எரவல் பாட மாட்டேன்" என்று அனுப்பிவிட்டார். நேற்று என்னிடம், "மதினி காலுல விழணும். அடிச்சா வாங்கிக்கணும். வர்றேன்னு சொன்னா கூட்டியாந்துடணும்" என்றார்.

ஹாஜா மைதீன் லாரியில் மூட்டையோடு மூட்டையாக வருகிறார். இந்தக் கடுதாசியைக் கொண்டுவந்து கொடுப்பவரே அவர்தான். நீ வாசலில் நிறுத்திவைத்தே பேசலாம், கதவைச் சாத்தினாலும் சாத்தலாம். முதலில் அவர் இடது கையைப் பார். அதில் ஒன்றும் கட்டியிருக்காது. அவர் என்ன சொன்னாலும் அது அவர் சொந்த வார்த்தை.

உன் தங்கை,
வேலாயி